திருப்பி அனுப்பிய போர்வை

கிளீவ்லாந்து, ஓஹையோ
4 மார்ச் 1883

அன்புள்ள ரோடா அண்ணிக்கு,

எலெக்டா எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் கீழே வருகிறது.

இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. என் வலது கை ஒரு வருஷமாக நடுங்குகிறது. முதலில் காபியைக் குறை சொன்னேன், அப்புறம் குளிரை. போன மாதம் கப்பல்துறைப் பக்கம் ஓர் ஐரிஷ்காரப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். குழந்தை நல்லபடியாக வந்தது. தொப்புள்கொடியை நூலால் கட்டப் போனால் முடிச்சே விழவில்லை. மூன்று தடவை. கூட வந்திருந்த இளம் டாக்டர் ஆர்ஃபா என் கையிலிருந்து நூலை வாங்கிக் கட்டினாள். படுத்திருந்தவள் என்னைப் பார்த்து, "அந்த அம்மாவுக்குச் சூடா ஒரு வாய் ஏதாச்சும் குடுங்கடி, பிள்ளை பெத்த என்னைவிட அவங்கதான் நடுங்குறாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

ஏழைப் பெண்களுக்காக நேதனும் நானும் தொடங்கிய மருந்தகத்தை ஆர்ஃபாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நேதன் போய்ப் பதினான்கு வருஷமாகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்து மிச்ச நாளை அங்கே கழிக்க ஆசைப்படுகிறேன். உங்கள் மகனுக்கு எழுதினேன். "அத்தை, வீடு அம்மா பேரில் இருக்கிறது, அப்பா அப்படித்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார். அம்மாவை நீங்களே கேளுங்கள். எனக்கு இந்த ஊரில் இருக்கிற சண்டையே போதும்" என்று ஆசா பதில் போட்டான்.

அண்ணி, உங்களுக்கும் எனக்கும் நடுவில் முப்பத்தேழு வருஷமாக ஏதோ ஒன்று நிற்கிறது. அண்ணன் அடக்கத்துக்கு வந்தபோது நான் சத்திரத்தில் தங்கினேன். நீங்கள் வேளை தவறாமல் தட்டில் மூடிச் சாப்பாடு அனுப்பினீர்கள். கூட ஒரு வார்த்தை அனுப்பவில்லை. என்ன என்று இப்போதாவது சொல்லுங்கள். வரவேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
எலெக்டா பேர்ட்சால்


ஹார்ட்வெல், நியூயார்க் மாநிலம்
15 மார்ச் 1883

எலெக்டாவுக்கு ரோடா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. அடுப்பில் ரொட்டி இருந்தது.

மருமகள் "நீங்க சொல்லுங்க அத்தை, நான் எழுதறேன்" என்று பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். மாட்டேன் என்றேன். என் விஷயத்தை இந்த வீட்டில் மற்றவர்கள் படித்ததெல்லாம் போதும். எனக்கு மூன்று குளிர்காலம்தான் பள்ளிக்கூடம், அதுவும் பனி அதிகம் கொட்டாத நாளில். நீ படித்தவள், கூட்டிப் படித்துக்கொள்.

உன் கை விஷயம் ஆசாவிடம் சொன்னேன். உன் அப்பாவுக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 1857 ஜனவரியில் மாதாகோயில் டீக்கன் வீட்டுப் பையனுக்குப் பல் பிடுங்கப் போய்ப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டு, "அதுவும் பிடுங்க வேண்டியதுதான்" என்றார்.

இங்கே எல்லாரும் சுகம். ஆசா ஊர்ச் சுகாதாரக் குழுவில் சேர்ந்து நாலு கிணற்றுக்கு மூடி போட்டு ஆணி அடித்துவிட்டான். அந்தத் தண்ணீரில்தான் காய்ச்சல் வருகிறதாம். ஒன்று கசாப்புக்கடைக்காரருடையது, அதிலிருந்து அவர் எங்களுக்கு எலும்பாகப் பார்த்துப் போடுகிறார். இந்த வீட்டு ஆண்களுக்கு ஆளுக்கொரு போர் வேண்டும். உன் அப்பாவுக்கு மது, உன் அண்ணனுக்கு அடிமை முறை, என் மகனுக்குக் கிணறு. எல்லாம் நியாயமான போர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குண்டு வந்து விழுவது எப்போதும் சமையலறையில்.

உன் அப்பா தோட்டத்தை வெட்டினாரே, நினைவிருக்கிறதா? 1842 ஏப்ரல். பழம் இருந்தால்தானே அதைப் பிழிந்து கள் ஆக்குவார்கள் என்று இருபத்தாறு ஆப்பிள் மரத்தை வேரோடு சாய்த்தார். ஊரே வந்து பாட்டுப் பாடியது. நான் ஆசாவை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஆப்பிள் பைப் பலகாரத்துக்கு நாக்கு ஏங்கிக்கொண்டு, சன்னல் வழியாகப் பார்த்தேன். கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்ற ஒரே ஒரு மரத்தை மட்டும் "அது பேரிக்காய் மரம் மாமா" என்று சொல்லிக் காப்பாற்றினேன். பெரிய டாக்டர்தான், மரம் தெரியாது. இன்றும் காய்க்கிறது.

சரி. என்ன நிற்கிறது என்று கேட்டாய். உனக்கு நிஜமாகவே தெரியாதா? எனக்குத் தேதியோடு தெரியும். 1846 அக்டோபர் இருபத்திரண்டு, வியாழக்கிழமை, மழை.

உன் கல்யாணத்துக்கு நான் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து அனுப்பினேன். நட்சத்திரக் கோலம், ஏழு நீலம், ஒரு மஞ்சள். இரண்டு குளிர்காலம் தைத்தேன். அன்றைக்கு அது குதிரை வண்டித் தபாலில் திரும்பி வந்தது. கூட ஒரு கடிதம். என் பேருக்குத்தான் வந்தது. சாப்பாட்டு மேஜையில் உன் அப்பா, உன் அண்ணன், அடிமை ஒழிப்புப் பிரசங்கம் செய்ய வந்த இரண்டு பேர், எல்லாரும் இருந்தார்கள். நான் அவரைக்காயும் பன்றிக்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். "ரோடாவுக்குப் படிக்க நேரமாகும், நான் படிக்கிறேன்" என்று உன் அப்பா என் கையிலிருந்து வாங்கினார். வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"அன்புச் சகோதரி, இந்தப் போர்வையின் ஒவ்வொரு இழையிலும் ஓர் அடிமையின் கண்ணீர் நெய்யப்பட்டிருக்கிறது. அடிமைகள் பறித்த பஞ்சைப் போர்த்திக்கொண்டு என் கண்கள் உறங்க மறுக்கின்றன. இதைத் தைத்த கை அறியாமையால் தைத்தது என்று நம்புகிறேன்."

ஒரு வார்த்தை விட்டிருந்தால் சொல். பிரசங்கிகள் மேஜையைத் தட்டினார்கள். அந்தத் தாடிக்காரர், வாய் நிறைய என் அவரைக்காயை வைத்துக்கொண்டு, "ஆகா, இதை அச்சுல போடணும்!" என்றார். இரண்டே வாரத்தில் போட்டுவிட்டார்கள். "மைத்துனிக்கு ஒரு மடல்" என்று தலைப்பு. பேர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, ஊரில் டாக்டர் வீட்டு மருமகள் நான் ஒருத்திதானே? மாதாகோயில் படியில் பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்கள். அறியாமை போகிறது பார் என்று.

உன் அண்ணன் நல்லவர். ஆனால் அன்று தலையைக் குனிந்து கறியை வெட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "அவ கொள்கைக்காகச் சொன்னா ரோடா, உன்னைச் சொல்லல" என்றார். "போர்வை என்னோடதுதானே?" என்றேன்.

வீட்டில் இடம் இருக்கிறது. உன் அப்பா நோயாளி பார்த்த தெற்கு அறை சும்மாதான் கிடக்கிறது. மனதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்தப் போர்வைக்கு நீ ஒரு பதில் சொல். அப்புறம் பார்க்கலாம்.

இதை எங்கேயும் அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

ரோடா பார்மலீ


கிளீவ்லாந்து
24 மார்ச் 1883

அன்புள்ள அண்ணி,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஒரு வார்த்தை விடவில்லை நீங்கள். அந்தப் பத்திரிகைத் துண்டு என்னிடம் இருக்கிறது, சரிபார்த்தேன். வைத்திருக்கிறேன் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருஷம் பெருமையோடுதான் வைத்திருந்தேன். என் எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல்.

உண்மையைச் சொல்கிறேன். அப்பா மேஜையில் படித்தார் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அச்சில் வந்தது தெரியும். நீங்கள் சம்மதித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாருடைய கடிதத்தையும் எல்லாரும் படிக்கத்தான் எழுதினோம். மனசாட்சி என்றால் மேடை போட்டு வைப்பது என்று நினைத்திருந்தோம்.

ஆனால் அண்ணி, கொள்கை தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் நீங்களே என்னை மதிக்கமாட்டீர்கள். அடிமைகள் பறித்த பஞ்சு வேண்டாம், அடிமைகள் வெட்டிய கரும்பின் சர்க்கரை வேண்டாம் என்று இருபது வருஷம் இருந்தோம். கல்யாணத்துக்கு மேப்பிள் மரத்துச் சர்க்கரையில் செய்த கேக், காய்ந்த மண் மாதிரி உதிர்ந்தது. உடை ஆளிநார்த் துணி. அது குத்திய குத்தில், போதகர் "சம்மதமா?" என்று கேட்டபோது நான் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் மிசிசிப்பி வரை உறைந்தது. ஒரு நாள் விடியற்காலை நேதன் எழுந்து உட்கார்ந்து, பல் தந்தி அடிக்க, "எலெக்டா, நீ செஞ்சது ரொம்பச் சரி. ஆனா வசந்த காலம் வந்தப்புறம் திருப்பி அனுப்பியிருக்கலாமே" என்றார்.

சிரித்தீர்களா? சிரித்திருந்தால் பாதி வழி வந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

"அறியாமையால் தைத்தது" என்று எழுதினேனே, அதுதான் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கொள்கையை எழுதியவள் அந்த ஒரு வரியைத் தன் படிப்பைக் காட்ட எழுதினாள்.

போர்வைக்குப் பதில் கேட்டீர்கள். அதைப் பூட்டிய மரப்பெட்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணன் ஒரு தடவை சொன்னார். எடுத்து அனுப்புங்கள், அண்ணி. போர் முடிந்து பதினெட்டு வருஷமாகிறது. இந்தத் தடவை போர்த்திக்கொள்கிறேன். நடுங்குகிற கைக்கு அது வேண்டும்.

எலெக்டா


ஹார்ட்வெல்
6 ஏப்ரல் 1883

எலெக்டாவுக்கு,

சிரித்தேன். நேதன் நல்ல மனிதர். அவருக்குக் குளிரும் என்று நான் அப்போதே நினைத்தேன்.

நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. பத்து நாளாக எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் போர்வை என்னிடம் இல்லை.

உட்கார்ந்து படி. நீளமாக இருக்கும். நான் யாரிடமும் சொல்லாதது.

முதலில், நீ கேட்காத ஒன்று. போர்வையின் மேல்பக்கம்தான் ஒட்டுத்துணி. அடிப்பக்கத்துத் துணி நானே நெய்தது. நான் பதினாறு வயதில் பஞ்சாலைக்குப் போனது உங்கள் குடும்பத்துக்குத் தெரியும், ஆனால் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நாலு வருஷம், இரண்டு தறி, காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். சன்னலைத் திறக்கவிடமாட்டார்கள், நூல் காய்ந்து அறுந்துபோகுமாம். பஞ்சுத் தூசியில் பக்கத்துத் தறிக்காரி ரத்தமாகத் துப்புவாள். விட்டு வரும்போது நான் நெய்ததிலேயே எட்டு கஜம் கேட்டு வாங்கி வந்தேன். என் கையில் இருந்த நல்ல துணி அதுதான். கல்யாணமாகி எட்டு வருஷம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். உனக்குத்தான் கொடுத்தேன். ஏன் என்றால் இந்த வீட்டில் நான் வந்த புதிதில், "அண்ணி, நீங்க உட்காருங்க, நான் பாத்திரம் கழுவறேன்" என்று சொன்னவள் நீ ஒருத்திதான். 1838 நவம்பர் ஐந்து. அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. கோபம் மட்டும்தான் நினைவிருக்கும் என்று எண்ணாதே.

அந்தப் பஞ்சை யார் பறித்தார்கள் என்று பஞ்சாலையில் எங்களுக்குத் தெரியாதா? தெரியும். மூட்டையில் தெற்கத்தி ஊர்ப் பேர் இருக்கும். சில நாள் பஞ்சுக்குள் விதை, இலை, ஒரு தடவை ஒரு குழந்தையின் பல் கிடந்தது. நாங்கள் நாலு பேர் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். மேஸ்திரி வந்து, "என்ன கூட்டம்?" என்றார். திரும்பத் தறிக்குப் போனோம். அறியாமை இல்லை எலெக்டா. தெரிந்துதான் நெய்தோம். வேறு வழி தெரியவில்லை.

இனி போர்வை. 1851 மார்ச் பதினொன்று, செவ்வாய், காலை பால் கறக்கும் நேரம். பாலாடைக்கட்டிப் பெட்டிகள் ஏற்றிய வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிக்கப் புதுச் சட்டம் வந்த சமயம், ஒளித்து வைத்தவனுக்கும் சிறை. பேர் ஹெஸ்டர். மேரிலாந்தில் ஓடத் தொடங்கியவள், அதற்கு முன் ஜார்ஜியாவில் பஞ்சுக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். நுரையீரலில் சளி கட்டி, நெருப்பாகக் காய்ந்தது. உன் அண்ணன் அவளைத் தெற்கு அறையில் படுக்க வைத்தார். "ரோடா, கம்பளி கொண்டு வா!" என்றார்.

எந்தக் கம்பளி? அந்த வருஷம் உன் அண்ணனுக்குத் தண்ணீர் வைத்தியப் பைத்தியம். எந்த நோய்க்கும் ஈரத்துணி சுற்றி, மேலே ஈரக் கம்பளி சுற்று. வீட்டில் இருந்த பதினோரு கம்பளியும் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன, பாதி உறைந்து பலகையாக. "எல்லாம் உங்க வைத்தியத்துல நனைஞ்சு கெடக்கு" என்று கத்தினேன். காய்ந்தது என்று வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஐந்து வருஷமாகத் திறக்காத பூட்டு.

நாலாம் நாள் அவளுக்குச் சுரம் விட்டது. கஞ்சி கொண்டு போனேன். அவள் போர்வையின் அடித்துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கூட அப்படிப் பார்க்கமாட்டார்.

"இது எங்க பக்கத்துப் பஞ்சும்மா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"என் கையைக் கிழிச்ச பஞ்சு எனக்குத் தெரியாதா? யாரு நெய்ஞ்சது?"

"நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? டாக்டர் வீட்டம்மான்னுல்ல நெனச்சேன்."

"அதுக்கு முன்னாடி தறிக்காரி."

"அப்ப நான் பறிச்சேன், நீங்க நெய்ஞ்சீங்க. இதைப் போத்திக்கிட்டுத் தூங்குனது யாரு?"

யாருமே இல்லை என்றேன். திரும்பி வந்த கதையைச் சொன்னேன், கண்ணீர் நெய்த வரியோடு. அவள் சிரித்தாள் பார், சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, உன் அண்ணன் பதறி ஓடி வந்தார். மூச்சு வந்ததும் சொன்னாள்:

"அந்தம்மா நல்லவங்கதான். எனக்காகத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிறந்ததுலேர்ந்து பஞ்சு பறிக்கிறேன், ஒருநாளும் பஞ்சுக்குள்ள படுத்ததில்ல. கோணிதான். இன்னிக்குத்தான் அது என்னைச் சூடா வெச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் இதை அங்கயும் இங்கயும் அனுப்பிக்கிட்டே இருங்க. நான் பாட்டுக்குத் தூங்குறேன்."

தூங்கியும்விட்டாள்.

ஒன்பது நாள் இருந்தாள். கனடாவுக்கு வண்டி வந்ததும் எழுந்து போர்வையை மடித்தாள். பெட்டியில் வைக்கத்தான் மடிக்கிறாள் என்று நினைத்தேன். மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இதுல பாதி என்னோடது. மத்தப் பாதியை நீங்க குடுங்க" என்றாள்.

கேட்கவில்லை, சொன்னாள். ஒரு மேலங்கிக்குப் பொத்தான் போடுகிற நேரம் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் கட்ட ஒரு கயிறு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் ஏரிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். ஒரு தச்சனைக் கட்டினாள், நாலு பிள்ளை, எல்லாம் அந்தப் போர்வைக்குள் பிறந்தது என்று போதகரிடம் சொல்லி எழுதி அனுப்பினாள். பின்னால் அவளே எழுதக் கற்றுக்கொண்டாள். இப்போது என்னைவிட நன்றாக எழுதுகிறாள், அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். போர்வை நடுவில் நைந்துபோய், போன வருஷம் மூன்றாக வெட்டி மூன்று பெண்களுக்கும் கொடுத்துவிட்டாளாம்.

ஆகவே நீ கேட்கிற போர்வை கனடாவில் மூன்று வீட்டில் இருக்கிறது.

பெட்டி காலி. முப்பத்திரண்டு வருஷமாகக் காலிப் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறேன். உள்ளே உன் கடிதம் மட்டும் இருக்கிறது. உன் அண்ணன் உட்பட எல்லாரும் போர்வை உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் தாண்டும்போது மெல்ல நடப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு கொள்கை இருந்தது, எனக்கு ஒரு பெட்டி இருந்தது.

ஹெஸ்டர் சொன்னதை அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் கோபம் தீர்ந்துபோயிருக்கும். தீர வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். அது என் தப்பு. உன் தப்பு ஒரு நாள் செய்தது, என்னுடையது தினமும் செய்தது.

இதையும் அச்சுக்குக் கொடுத்துவிடாதே. இது நிஜமாகவே வேண்டாம்.

ரோடா


கிளீவ்லாந்து
17 ஏப்ரல் 1883

அன்புள்ள அண்ணி,

சின்னக் கடிதம்தான், கை இன்று மோசம்.

நேற்று இங்கே அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பழைய ஆட்கள் கூடினார்கள். நரைத்த தலைகள், ஊன்றுகோல்கள். ஆளுக்கொரு நினைவைச் சொல்ல வேண்டும், எல்லாம் புத்தகமாக வரப்போகிறது. என் முறை வந்தது. எழுந்து நின்றேன். உங்கள் கடிதம் பையில் இருந்தது. அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட எதையும்விட அது பெரியது. படித்திருந்தால் ஒரு கண் பாக்கியில்லாமல் அழுதிருக்கும். அச்சுக்காரர் முன்வரிசையில் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பழைய தோழி, "எலெக்டா பேர்ட்சாலுக்குச் சொல்ல ஒண்ணுமில்லையா? உடம்புக்கு என்னடி?" என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பத்திரிகைத் துண்டை எடுத்தேன். கிழிக்கவில்லை. ஹெஸ்டர் சொன்னதை அதன் பின்பக்கம் எழுதி வைத்தேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவள், வலி எங்கே என்று நோயாளியைக் கேட்காமல் மருந்து கொடுத்ததில்லை. அந்த ஒரு தடவை கேட்கவில்லை.

போர்வை இல்லை என்றால் என்ன சொல்லி நான் வருவது? எனக்குத் தெரியவில்லை. வா என்றோ வேண்டாம் என்றோ நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன். நீங்கள் உட்காருங்கள் அண்ணி, பாத்திரம் நான் கழுவுகிறேன். ஒன்றிரண்டு உடையும், கை இப்படி இருப்பதால்.

எலெக்டா


ஹார்ட்வெல்
27 ஏப்ரல் 1883

அன்புள்ள எலெக்டாவுக்கு,

மே பத்தாம் தேதி, வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி ரயிலில் வா. அதற்கு முந்தைய ரயிலில் வராதே, அது வழியில் ஒவ்வொரு மாட்டையும் விசாரித்துக்கொண்டு வரும். ஆசா வண்டியோடு நிற்பான். கசாப்புக்கடைப் பக்கம் வராமல் சுற்றிக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

தெற்கு அறையை வெள்ளையடித்தாயிற்று. உன் அப்பா வைத்தியப் பாடத்துக்கு வைத்திருந்த எலும்புக்கூட்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம். ஒரு கை வழியில் கழன்றுவிட்டது. நீ வந்து மாட்டு. மருமகள் இரண்டாவது பிள்ளைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கை நடுங்கினால் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்று சொல், முடிச்சு நான் போடுகிறேன். தறிக்காரி முடிச்சு அவிழாது.

சில விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் உங்கள் சீர்திருத்தக்காரர்களின் தவிட்டு ரொட்டி கிடையாது. காபி உண்டு. என் இடுப்பை இறுக்கும் கச்சை உடம்புக்குக் கெடுதல் என்று நீ பேசக் கூடாது, அதை உன் அண்ணனே பேசிப் பேசித் தோற்றவர். ஞாயிற்றுக்கிழமை பேரிக்காய் மரத்து ஆப்பிள் பை உண்டு. உலர்த்தி வைத்த பழம்தான், புதுப் பழத்துக்கு நீ இலையுதிர் காலம் வரை இருக்க வேண்டும். மரத்தைப் பற்றி உன் அப்பா கல்லறையில் போய்ச் சொல்லிவிடாதே.

காலிப் பெட்டியை உன் துணிமணிக்கு ஒழித்து வைத்திருக்கிறேன். பூட்டைக் கழற்றிக் கிணற்று மூடிக்குக் கொடுத்துவிட்டேன், ஊரில் எவனோ ஆணியைப் பிடுங்கிவிட்டானாம். உன் பழைய கடிதம் என்னிடம்தான் இருக்கும். அதைத் தரமாட்டேன். சண்டை வந்தால் வேண்டும்.

ஹெஸ்டருக்கு எழுதிவிட்டேன், நீ வருகிறாய் என்று. ஆகஸ்டில் பெண்களோடு ஏரி தாண்டி வந்து பார்ப்பதாகப் பதில் போட்டிருக்கிறாள். "அந்தம்மாவை நேர்ல பார்க்கணும், கேட்க வேண்டியது நிறைய இருக்கு" என்கிறாள். நீ பதில் தயார் செய்துகொள். அவளிடம் பிரசங்கம் எடுபடாது.

படுக்கை சன்னலோரம் போட்டிருக்கிறேன். புதுக் கம்பளி ஒன்று நெய்து விரித்திருக்கிறேன், வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு. நம் வீட்டு ஆட்டு மயிர். கத்தரிப்பதற்கு முன்னால் ஆட்டை ஒரு வார்த்தை கேட்டேன். ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. ஆகவே நிம்மதியாகப் போர்த்திக்கொள்.

உன் அண்ணி,
ரோடா